ஆறு வீடு, ஆறு குழு: சிறிய கட்டடத்துக்கு ஓட்ட முறைத் திட்டம் எடுபடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கு இரண்டு வீடாக மூன்று தளம், மொத்தம் ஆறு வீடுகள் கொண்ட கட்டடங்களைக் கட்டுகிறீர்கள். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களில் வேலை ஓடுகிறது. கொத்து வேலை முதல் பெயின்ட் வரை எல்லாமே துணை ஒப்பந்தக் குழுக்கள். குழுக்கள் இடம் விட்டு இடம் அறுபடாமல் நகரும்படி அட்டவணை போடும் டாக்ட், லைன் ஆஃப் பேலன்ஸ் போன்ற ஓட்ட முறைகளைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். இவை நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு மட்டும்தானா, நமக்கும் உதவுமா, எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பார் சார்ட் இரண்டாவது வாரத்திலேயே பொய்யாகிவிடுகிறது, டைல்ஸ்காரர் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு கட்டடத்துக்குப் போய்விடுகிறார்." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நம் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆட்களை நம்பி நடக்கும் வேலையை எப்படி அறுபடாமல் கொண்டுபோவது என்பதுதான் அது.

கட்டட வேலைகளுக்கு, அதிலும் முடிப்பு வேலைகளுக்கு, கால அட்டவணை போடுவது பல வருடங்களாக என் தொழில். சாலை, குழாய்த்தடம் போன்ற நீளவாட்டு வேலைகளை நான் செய்ததில்லை. அதனால் சொல்வதெல்லாம் கட்டடத்துக்கு மட்டும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓட்ட முறையின் கணக்கு ஆறு வீட்டுக்கும் அப்படியே செல்லும். ஆனால் பெரிய திட்டங்களில் செய்கிற மாதிரி முழு டாக்ட் திட்டத்தை உங்கள் கட்டடத்தின் மேல் ஏற்றினால் அது நிற்காது. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் கட்டடத்துக்குள்ளே இல்லை. எத்தனை கட்டடங்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

பார் சார்ட் ஏன் பொய்யாகிறது என்பதிலிருந்து வருகிறேன். ஒவ்வொரு வேலையையும் நாட்களின் மேல் ஒரு பட்டையாகக் காட்டி நாம் போடும் பார் சார்ட்டுகளுக்கு அடியில் இருக்கும் கிரிட்டிக்கல் பாத் முறை 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்துக்காக உருவானது. ரசாயன ஆலைகளின் கட்டுமானமும் பராமரிப்பும்தான் அதன் பிறப்பிடம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது அதற்குத் தெரியும். எந்த அறையில், எந்தக் குழு, அதே குழு நேற்று எங்கே இருந்தது என்பது தெரியாது. "முதல் தளப் பூச்சு" ஒரு கட்டம், "இரண்டாம் தளப் பூச்சு" இன்னொரு கட்டம். இரண்டையும் செய்வது ஒரே மேஸ்திரியின் ஆட்கள்தான் என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாக அறியாது. அவசரமில்லாத வேலைகளுக்கு உபரி நாள் இருக்கிறது என்று தாராளமாகக் காட்டும். அந்த உபரி நாளில் ஆறு பேர் கைகட்டி நிற்கிறார்களா என்று கேட்காது. லைன் ஆஃப் பேலன்ஸ் வேறு வழியில் வந்தது. 1940களில் குட்இயர் டயர் நிறுவனத்தில் உருவாகி அமெரிக்கக் கடற்படை வழியாகப் பரவிய உற்பத்தி முறை அது. அதில் கிடை அச்சில் நாட்கள், செங்குத்து அச்சில் இடங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சாய்ந்த கோடு. கோடு படுத்திருந்தால் குழு மெதுவாகப் போகிறது, நிமிர்ந்திருந்தால் வேகமாகப் போகிறது, இரண்டு கோடுகள் முட்டினால் இரண்டு குழுக்கள் ஒரே வீட்டுக்குள் மோதுகின்றன. அவ்வளவுதான் சங்கதி. பெரிய கட்டடத்துக்குத்தான் இது என்ற எண்ணம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எஃகுச் சட்டம் 1930ல் வாரத்துக்குச் சராசரியாக நாலரை மாடி என்ற வேகத்தில் ஏறியதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே ஒரே வேலையை நூறு முறை செய்தார்கள். உங்களிடம் ஆறு முறைதான் இருக்கிறது.

ஆறு முறை போதுமா? எண்களைப் பார்ப்போம். டாக்ட் முறையில் குழுக்களை ஒரு ரயிலின் பெட்டிகள் போல வைத்துக்கொள்கிறார்கள்; பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே தாளத்தில், இடம் விட்டு இடம் நகரும். மொத்த நாட்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: இடங்களின் எண்ணிக்கையோடு குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, ஒரு குழு ஓரிடத்தில் இருக்கும் நாட்களால் பெருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் குழாய் பதிப்பு, பூச்சு, நீர்த்தடுப்பு, டைல்ஸ், மரவேலை, பெயின்ட் என்று ஆறு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் மொத்தக் கட்டடத்தில் 18 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு முழுக் கட்டடத்தையும் முடித்த பிறகே அடுத்தது நுழையும் என்றால் ஆறு பதினெட்டு, 108 நாட்கள். தளம் தளமாகக் கைமாற்றினால் 3 இடம், இடத்துக்கு 6 நாள்: 48 நாட்கள். வீடு வீடாகக் கைமாற்றினால் 6 இடம், 3 நாள்: 33 நாட்கள். ஆட்களைக் கூட்டவில்லை, யாரையும் விரட்டவில்லை, கைமாற்றும் அளவைத்தான் குறைத்தோம். ஒவ்வொரு வீட்டையும் இரண்டாகப் பிரித்து 12 இடம், ஒன்றரை நாள் என்று போனால் 25.5 நாட்கள் என்று சூத்திரம் சொல்லும். இந்தக் கடைசி எண்ணை நம்ப வேண்டாம். பூச்சுக்குத் தண்ணீர் காட்ட வேண்டிய நாட்கள் இடத்தைச் சிறிதாக்கினால் சிறிதாகாது. கைமாற்றுகிற ஒவ்வொரு முறையும் சாமான் நகர்த்துவது, சுத்தம் செய்வது, சரிபார்ப்பது என்று அரை நாளாவது போகும். தவிர, லாபமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. முழுக் கட்டடத்திலிருந்து தளத்துக்கு வந்தபோது 60 நாள் மிச்சமானது, தளத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது 15, வீட்டிலிருந்து அரை வீட்டுக்கு வந்தபோது ஏழரை. ஆகவே ஆறு வீட்டுக் கட்டடத்தில் 'ஒரு வீடு' என்பதே இயல்பான அளவு. ஆறுவதற்கும் காய்வதற்கும் இரண்டு வெற்றுப் பெட்டிகளை இடையில் கோத்தால் 33 நாள் 39 ஆகும். 48ஐ விட அது இன்னும் நல்ல எண்தான்.

இதுவரை சொன்னது வெறும் கணக்கு. எல்லாக் குழுவும் ஒரே வேகத்தில் போகும் என்ற அனுமானம்தான் நடைமுறையில் முதலில் உடைகிறது. ஒரு வீட்டுப் பூச்சுக்கு 5 நாள் ஆகும், கதவு மாட்ட ஒரு நாள் போதும். இங்கே லைன் ஆஃப் பேலன்ஸ் கோடுகள் ஒரு விஷயத்தைக் காட்டும். அதைப் பார் சார்ட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். பூச்சுக் குழு வீட்டுக்கு 5 நாளாக 30 நாளில் ஆறு வீட்டையும் முடிக்கிறது. டைல்ஸ் குழுவுக்கு வீட்டுக்கு 3 நாள். பூச்சு முடிந்து 7 நாள் நீராற்றிய பிறகே டைல்ஸ் தொடங்கலாம். முதல் வீடு 12ஆம் நாள் முடிவில் தயார். உடனே டைல்ஸ்காரரைக் கூப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அவர் முதல் வீட்டை 15ஆம் நாள் முடிப்பார். இரண்டாவது வீடு 17ஆம் நாள் முடிவில்தான் தயாராகும். இரண்டு நாள் சும்மா. இப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டிரண்டு நாள் காத்திருந்து கடைசி வீட்டை 40ஆம் நாள் முடிப்பார். 18 நாள் வேலைக்கு 28 நாள் உங்கள் இடத்தில் கிடப்பார். இப்போது அவரைப் பத்து நாள் தாமதமாக, 22ஆம் நாள் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். ஆறு வீடும் வரிசையாக, ஒரு நாள்கூட நிற்காமல் முடித்துவிட்டு அதே 40ஆம் நாள் வெளியே போவார். பத்து நாள் பிந்தித் தொடங்கியும் முடிவுத் தேதி அசையவில்லை.

உங்கள் டைல்ஸ்காரரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் முறையில் அவர் அந்த இரண்டு நாளைச் சும்மா இருந்து கழிப்பார் என்று எழுதினேன் அல்லவா, கழிக்க மாட்டார். சதுர அடிக்குக் கூலி வாங்குகிறவர் எப்படிச் சும்மா இருப்பார்? அடுத்த கட்டடத்துக்குப் போவார். அங்கே இரண்டு நாள் என்று போனது ஐந்து நாளாகும். நீங்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைப்பீர்கள். உங்கள் வீடு தயாராகவில்லை என்பதால்தானே போனேன் என்று அவர் நினைப்பார். இருவர் சொல்வதும் சரி. அடுத்த முறை நீங்கள் 'உடனே வா' என்று தேவைக்கு ஒரு வாரம் முன்பே கூப்பிடுவீர்கள். அது பொய் என்று அவருக்கும் தெரியும் என்பதால் ஒரு வாரம் பிந்தி வருவார். நான் பார்த்த சிறிய வேலைகளில் தாமதத்தின் பெரும்பகுதி இந்தப் பரஸ்பர அவநம்பிக்கைதான். வேலையின் உண்மையான நீளம் அல்ல. இதை அளந்து நிரூபிக்க என்னிடம் எண் இல்லை, கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அளக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டில், கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961ல் வெளியிட்ட சூத்திரம் அது. ஒரு குழுவின் நேரம் எவ்வளவு சதவீதம் நிரம்பியிருக்கிறதோ, அதை மீதமிருக்கும் காலி நேரத்தால் வகுத்தால், காத்திருப்பு எப்படிப் பெருகும் என்று தெரியும். வேலை வருவதும் முடிவதும் தாறுமாறாக இருக்கும் எளிய மாதிரியில், 80 சதவீதம் நிரம்பிய குழுவுக்கு வேலை சராசரியாக ஒரு வேலை நேரத்தின் 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. நல்ல டைல்ஸ் மேஸ்திரி நான்கைந்து கட்டடக்காரர்களிடம் ஒப்புக்கொண்டு எப்போதும் 95 சதவீதம் நிரம்பியே இருப்பார், ஏனென்றால் நம் தேதிகளை அவர் நம்புவதில்லை. அந்த 19 மடங்கை அனுபவிக்கிறவர்கள் நாம். அவரைத் திட்டுவதால் சூத்திரம் மாறாது. மாறுவதற்கு இரண்டு வழிகள்தான்: அவருடைய நேரத்தில் கொஞ்சம் காலி இருக்க வேண்டும், அல்லது தாறுமாறு குறைய வேண்டும். முதலாவது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. இரண்டாவது ஓரளவு இருக்கிறது. சொன்ன தேதியில் வீடு உண்மையாகவே தயாராக இருக்கும் கட்டடக்காரர் என்று ஒரு பெயர் வாங்கிவிட்டால், அவர் மற்றவர்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களிடம் வருவார். ஆறு வீட்டு வேலை இடைவெளியில்லாமல் கிடைக்கிறது என்பது அவருக்கு ரொக்க லாபம்.

இங்கிருந்துதான் 'எத்தனை கட்டடம் திறந்திருக்கிறது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஜான் லிட்டில் 1961ல் நிறுவிய விதி மிக எளிமையானது: நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை எடுக்கும் சராசரிக் காலம் வரும். உங்களிடம் நான்கு கட்டடங்கள் திறந்திருக்கின்றன, இரண்டு மாதத்துக்கு ஒன்று முடிகிறது என்றால், ஒவ்வொன்றும் தொடங்கியதிலிருந்து முடிய எட்டு மாதம் ஆகும். முடிக்கும் வேகம் குறையாமல் மூன்றை மட்டும் திறந்து வைத்தால் ஆறு மாதம். 'வேகம் குறையாமல்' என்பதுதான் நிபந்தனை. இரண்டாகக் குறைத்துக்கொண்டு மழையாலோ அனுமதிச் சிக்கலாலோ ஒன்று நின்றுபோனால் குழுக்களுக்கு வேலையே இருக்காது. இருந்தாலும், புதிய வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த அடுத்த கட்டடத்துக்கு அவசரமாக அடித்தளம் தோண்டிப் போட்டுவிட்டு அப்படியே விடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது எதையும் சீக்கிரம் முடிக்க உதவுவதில்லை, எல்லாவற்றையும் நீட்டுகிறது. டெக்னியான் பல்கலைக்கழகத்தின் ரஃபேல் சாக்ஸ் 2016ல் எழுதிய கட்டுரையில் கட்டுமான ஓட்டத்தை மூன்று அடுக்காகப் பார்க்கிறார்: நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களுக்கும் இடையிலான ஓட்டம், ஒரு திட்டத்துக்குள் இடங்களின் ஓட்டம், வேலையின் ஓட்டம். பெரிய நிறுவனங்களின் திட்டமிடுபவர்களுக்கு இரண்டாவது அடுக்கே உலகம். உங்களைப் போன்றவருக்கு முதலாவதுதான் கனமானது. லைன் ஆஃப் பேலன்ஸ் வரைபடத்தின் இட அச்சில் ஆறு வீட்டை மட்டும் எழுதாமல், நான்கு கட்டடங்களின் எல்லா வீடுகளையும் வரிசையாக எழுதுங்கள். ஆறு முறை என்பது இருபத்துநான்கு முறையாகிவிடும். டைல்ஸ் கோடு ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் போகிறதா என்று ஒரே தாளில் தெரியும். சிறிய வேலையில் ஓட்ட முறை எடுபடாது என்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் வேலை தயாராக இல்லை என்றால் குழு திரும்பிப் போகும். கட்டுமானத்தை உற்பத்தியாகப் பார்க்கும் சிந்தனைக்கு 1992ல் வித்திட்ட பின்லாந்து ஆய்வாளர் லவுரி கோஸ்கெலா, ஒரு வேலை தொடங்க ஏழு விஷயங்கள் கூடிவர வேண்டும் என்று பின்னர் எழுதினார்: வரைபடம், பொருள், ஆட்கள், கருவி, இடம், முந்தைய வேலை, வானிலை போன்ற வெளிச் சூழல். ஒவ்வொன்றும் 95 சதவீதம் உறுதி என்றாலும், ஏழும் ஒரே நாளில் கூடிவரும் வாய்ப்பு 70 சதவீதம்தான். பத்து நாளில் மூன்று நாள் ஏதாவது ஒன்று குறையும். கட்டுமான ஆய்வாளர்கள் கிளென் பல்லார்டும் கிரெகரி ஹவலும் 1990களில் பெரிய வேலைத்தளங்களில் அளந்தபோது, அந்த வாரம் முடிப்போம் என்று சொன்ன வேலைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் லாஸ்ட் பிளானர் முறை. அதன் சாரம் இரண்டே விஷயங்கள்: தயாராகாத வேலையை வார அட்டவணையில் எழுதக்கூடாது, வாக்குக் கொடுப்பவர் வேலையைச் செய்யும் மேஸ்திரியாகவே இருக்க வேண்டும். சிறிய வேலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், டாக்டுக்கும் முன்பே. வாரத்தில் ஒரு நாள் குழுத் தலைவர்களை இருபது நிமிடம் நிற்க வைத்து, அடுத்த மூன்று வாரத்தில் எந்த வீட்டுக்கு எது குறைகிறது என்று கேட்டால் போதும். பெரிய திட்டங்களில் போல 'சொன்னதில் எத்தனை சதவீதம் முடிந்தது' என்று கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வாரத்துக்கு ஐந்து வாக்குகள் இருக்கும் இடத்தில் ஒன்று தவறினாலே எண் 20 குறையும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள், மூன்று மாதத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிறிய வீடுகளில் அந்தக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்காரர்: டைல்ஸ் நிறம் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை, சமையலறை மேடை மாற்றலாமா என்று யோசிக்கிறார். டைல்ஸ் 22ஆம் நாள் முடிந்து தொடங்கும் என்று தெரிந்தால், கடையில் இருந்து வர ஆகும் நாட்களைக் கழித்து, எந்தத் தேதிக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கலாம். கோடு போட்ட அட்டவணை இல்லாமல் அந்தத் தேதியைச் சொல்ல முடியாது.

கைமாற்றுதல் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் சிறிய கட்டடத்தில் எல்லாம் கெடுவது குளியலறையில். நாலு சதுர மீட்டர் இடம். ஆறு குழுக்களில் ஐந்துக்கு அங்கே வேலை. பிளம்பர் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பார். குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். கொத்தனார் காடியை அடைத்துப் பூசுவார். நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, காய்ந்தபின் தண்ணீர் தேக்கி ஒரு நாளுக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். பிறகு வாட்டம் கொடுத்துத் தளம், பிறகு டைல்ஸ். இதில் பிளம்பர் ஒரு கெய்சர் இணைப்பை மட்டும் 'நாளைக்கு வந்து போடுகிறேன்' என்று விட்டுவிட்டுப் போனால், பூச்சுக்காரர் அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவரைப் பூசுவார். நீர்த்தடுப்பு ஆள் ஒரு மூலையை விட்டு அடிப்பார். டைல்ஸ்காரர் ஹாலை முடித்துவிட்டுக் குளியலறைக்கு 'பிறகு வருகிறேன்' என்பார். ஒரு இணைப்புக்காக ஐந்து குழுக்களும் இரண்டு முறை வர வேண்டும். அட்டவணையில் 95 சதவீதம் முடிந்தது என்று காட்டும் வீட்டை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே 'முடிந்தது' என்றால் என்ன என்று ஒவ்வொரு குழுவுக்கும் நாலைந்து வரியில் எழுதி, வீட்டு வாசல் நிலையிலேயே ஒட்டிவிடுங்கள். வாங்கிக்கொள்ளும் குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கைமாறியதாகக் கணக்கு. மேற்பார்வையாளர் பார்ப்பது மட்டும் போதாது. டைல்ஸ்காரரின் கண்ணுக்குத் தெரியும் சுவர்க் கோணல் நம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டிய அவசியம் வந்தால் பரப்பளவைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வேலை அடர்த்தியைப் பார்த்துப் பிரியுங்கள். குளியலறையும் சமையலறையும் ஒரு பாதி, ஹாலும் படுக்கையறைகளும் மறு பாதி. பரப்பில் கால்வாசி இருக்கும் அந்த ஈரப் பகுதி வேலையில் பாதியைத் தின்னும்.

இதற்குக் கூலி முறை ஒத்துழைக்காவிட்டால் நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி என்றால், வேகமாகப் பரப்பு ஏறும் ஹால் தரையை முதலில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, வெட்டு வேலை நிறைந்த குளியலறையை இழுப்பதுதான் எந்த மனிதரும் செய்வது. கூலி அளவை மாற்ற வேண்டாம், பணம் கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். வாரக் கடைசியில் அளந்து கொடுப்பதற்குப் பதில், ஒரு வீடு முழுதாகக் கைமாறியதும் மறுநாளே அந்த வீட்டுக்கான முழுத் தொகை. மூன்று நாளுக்கு ஒருமுறை பணம் வருகிறது என்றால் பெரும்பாலான மேஸ்திரிகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இதற்கு உங்கள் கையில் பணப்புழக்கம் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் தவணைக்காகக் காத்திருக்கும் நிலையில் இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

எங்கே இது பொருந்தாது என்று கேட்டால், அடித்தளமும் கான்கிரீட் சட்டமும் முதல் உதாரணம். அங்கே தளக் கான்கிரீட் போடும் நாள்தான் தாளத்தைத் தீர்மானிக்கிறது. தளம் ஒரே மூச்சில் போட வேண்டியது, அதை வீடு வீடாக நறுக்க முடியாது. கம்பி, சென்ட்ரிங் ஆட்களுக்கு அடுத்த கட்டடத்தில் வேலை தொடர்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் குடியிருக்கும்போதே செய்யும் பழைய வீட்டுப் புதுப்பிப்பு இன்னொன்று. சுவரைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதில் தாளம் வைக்க முயன்றால் தினமும் அட்டவணை மாற்றுவதே வேலையாகும். ஒற்றை வீடும் அப்படித்தான், தனியாகப் பார்த்தால் அங்கே ஓட வைக்க ஒன்றுமில்லை. வாரக் கூட்டமும் கைமாற்றுத் தாளும் மட்டும் இவற்றில் பயன்படும். தாள வேகத்தை இறுக்கமாக வைப்பதும் ஆபத்து. ஒரு வீட்டுக்கு 3 நாள் வேண்டும் என்றால் 4 நாள் தாளம் வையுங்கள். அந்த ஒரு நாள் வீணாகிறது என்று தோன்றும். அது இல்லாவிட்டால் முதல் வீட்டில் நழுவிய ஒரு நாள் ஆறு வீட்டுக்கும் ஆறு குழுவுக்கும் பரவும். வேகமாக முடித்த நாள் பின்னால் வருபவருக்குப் போய்ச் சேராது, தாமதமான நாள் மட்டும் தவறாமல் போய்ச் சேரும். வரிசையாக நிற்கும் குழுக்களுக்குச் சராசரி வேகத்தை நம்பித் தேதி போடுவது ஏன் தோற்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கட்டுமான ஆய்வாளர் ஐரிஸ் டோமலைனும் அவர் சகாக்களும் 1999ல் எழுதிய கட்டுரையில் இதைப் பகடை உருட்டும் விளையாட்டாகவே செய்து காட்டினார்கள்.

இப்போது சந்தேகமான பகுதி. ஓட்ட முறையால் காலம் இத்தனை சதவீதம் குறையும் என்று ஆலோசகர்களும் மென்பொருள் விற்பவர்களும் சொல்லும் எண்களை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை. பெரும்பாலும் அவை ஓட்டல், மருத்துவமனை, அடுக்குமாடி போன்ற பெரிய, ஒரே மாதிரி அறைகள் திரும்பத் திரும்ப வரும் திட்டங்களிலிருந்து வந்தவை. அதிலும் வெற்றி பெற்றவைதான் எழுதப்படுகின்றன. மேலே நான் போட்ட 108, 48, 33 என்ற கணக்கும் எல்லாம் சரியாக நடந்தால் என்ற கணக்குதான். அதை வாடிக்கையாளரிடம் தேதியாகச் சொல்லிவிடாதீர்கள். கைமாற்றும் அளவைக் குறைத்தால் காலம் குறையும், தாறுமாறு கூடினால் காத்திருப்பு கூடும், திறந்த வேலை கூடினால் ஒவ்வொன்றும் நீளும்: இந்த மூன்றையும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் குழுக்களிடம், உங்கள் வாடிக்கையாளர்களிடம் எவ்வளவு நாள் மிச்சமாகும் என்பது இரண்டு கட்டடங்களை இப்படி முடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே வேலையைத் திரும்பச் செய்யும்போது கைவேகம் கூடும் என்று சொல்வார்கள். ஆறு வீட்டில் அது கொஞ்சம் கிடைக்கலாம், நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு பெரிய சார்ட் தாள், கட்டம் போட்டது. இடதுபுறம் கீழிருந்து மேலாக நான்கு கட்டடங்களின் வீடுகள், அடியில் அடுத்த பன்னிரண்டு வாரம், குழுவுக்கு ஒரு நிறப் பென்சில். எந்தக் குழு மெதுவானதோ அதன் கோட்டை முதலில் போடுங்கள், பெரும்பாலும் அது பூச்சாகவோ டைல்ஸாகவோ இருக்கும். மற்றக் கோடுகளை அதைச் சுற்றி அமையுங்கள். வேகமான குழுக்களுக்குக் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்கத் தேதி போடுங்கள். நடந்ததை அதே தாளில் தடித்த கோடாக வாரா வாரம் இழுத்துக்கொண்டு வாருங்கள். மேஸ்திரிகள் தங்கள் கோட்டைத் தாங்களே கண்டுபிடித்து, "எனக்கு முன்னால் இருப்பவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், நான் வியாழக்கிழமை வந்து என்ன செய்வது?" என்று உங்களிடம் கேட்க ஆரம்பித்தபின், வேண்டுமானால் அந்தத் தாளை ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். எட்டுப் பத்துக் கட்டடங்கள் ஒரே நேரத்தில் ஓடும் நிலை வந்தால், இட அடிப்படையில் அட்டவணை போடும் மென்பொருளைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.